கோப்பு யாருடைய மேசைக்குப் போகிறது?

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

ஆள்கடத்தல், போக்சோ வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று வேலை செய்யும் வழக்கறிஞர்களும் களப்பணியாளர்களும் எழுதுவது.

அருப்புக்கோட்டை கல்லூரி வழக்கில் திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 30 அன்று தண்டனை அறிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயர் அதிகாரிகளுக்கு இணங்கிப் போனால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று நான்கு மாணவிகளிடம் போனில் பேசிய உதவிப் பேராசிரியைக்கு 10 ஆண்டு சிறை, 2 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய் அபராதம். உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. நீதிமன்றம் விடுவித்தவர்களைப் பற்றி எங்களுக்குப் பேச்சில்லை. கேள்வி வேறு. ஆள்கடத்தல் பிரிவையும் சேர்த்து நடத்திய வழக்கில், அந்த மாணவிகளிடம் யாருக்காகப் பேசப்பட்டது என்பதற்கு 6 ஆண்டு கழித்தும் விடை இல்லை. வாங்க ஆளே இல்லாமல் ஒரு தரகு நடக்குமா?

அந்தக் கேள்வி ஏன் அந்தரத்தில் நின்றது என்று பார்த்தால், 2018 ஏப்ரலில் கோப்பு எந்தெந்த மேசைக்குப் போனது என்பதில் போய் முடிகிறது. ஒலிப்பதிவு வெளியானபோது அதில் அன்றைய ஆளுநரைப் பற்றிய பேச்சும் இருந்தது. ஆளுநர்தான் பல்கலைக்கழக வேந்தர். வேந்தர் என்ற முறையில் பன்வாரிலால் புரோகித் அவர்களே ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். சந்தானத்தை வைத்து ஒரு நபர் குழு அமைத்தார். ஏப்ரல் 17 அன்று செய்தியாளர்களைக் கூட்டி, அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்றார். மே மாதம் அறிக்கை அவரிடமே போனது.

அவர்மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நாங்களும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருடைய பெயரை யாரோ சும்மா இழுத்துவிட்டிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் அவர் நியமிக்காத ஒருவர், அவ்வளவுதான். பெயர் அடிபட்டவரே விசாரிப்பவரைத் தேர்ந்தெடுத்து, அறிக்கையையும் கைநீட்டி வாங்கிக்கொண்டால், அந்த அறிக்கை உண்மையாகவே அவரைத் தூயவர் என்று சொன்னாலும் ஊர் நம்பாது. கெட்டது அவருக்கும்தான்.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு குழு போட்டுக் கைவிட்டது. சி.பி.சி.ஐ.டி. தனியாக விசாரித்தது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு இடத்தில் வாக்குமூலம் வாங்குவதன் விலை விசாரணை நீதிமன்றத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும். நிர்வாக விசாரணையில் ஒரு பெண் சொன்ன தேதிக்கும் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்ன தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருந்தால் போதும், குறுக்கு விசாரணையில் அரை நாள் அதிலேயே போய்விடும். அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று, இதைப் பற்றி எழுதிய நக்கீரன் இதழின் ஆசிரியர், ஆளுநர் மாளிகையின் புகாரில், இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஆம் பிரிவில் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். எழும்பூர் நீதிமன்றம் அவரைக் காவலில் வைக்க மறுத்தது. ‘உயர் அதிகாரி’ யாரென்று தேடிப் பிடிக்க முடியாத காவல்துறைக்கு, எழுதியவரை விமானம் ஏறும் முன் பிடிக்க முடிந்திருக்கிறது.

இனி காவல் நிலையத்து மேசை. பெயர் தெரிந்த ஆள்மீது புகார் போனால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் தாள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் “மேலே கேட்டுச் சொல்றோம்மா” என்பார்கள். மேலே என்றால் பல நேரம் புகாருக்கு ஆளானவரோடு மேடை பகிர்ந்துகொள்பவர். இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. குற்ற விசாரணை முறைக்கான புதிய சட்டம் பி.என்.எஸ்.எஸ். 173(3) தரும் 14 நாள் முதற்கட்ட விசாரணை, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் கீழே தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். ஆள்கடத்தலுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 143இல் தண்டனை 7 ஆண்டில் தொடங்கி 10 ஆண்டு வரை போகிறது. கடத்தப்பட்டவர் குழந்தை என்றால் 10 ஆண்டில்தான் தொடங்குகிறது. பதியாமல் விடும் அரசு ஊழியருக்கு 199ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். அந்தப் பிரிவில் 143, 144 இரண்டும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. அரசு ஊழியரே கடத்தலில் ஈடுபட்டால் 143(7)இன்படி சாகும்வரை சிறை. ஏட்டில் பல்லுக்குக் குறைவில்லை.

சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு அனுப்பும் அந்த இரண்டு, மூன்று வாரத்தில் என்ன போகிறது என்று சொல்கிறோம். விடுதிகளின் சி.சி.டி.வி. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் நிரம்பி, பழைய காட்சிமேல் புதியது ஏறிவிடும். வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் போனில்தான் இருக்கிறது. போன் ஆற்றில் விழுந்தால் பல நேரம் தீர்ந்தது. அழைப்பு விவரங்கள் மட்டும் கொஞ்சம் நிற்கும். 2021 டிசம்பருக்குப் பிறகு தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு அவற்றை வைத்திருக்க வேண்டும். ஆனால் வழக்கு இழுக்கிற இழுப்பில் 2 ஆண்டு ஒரு பெரிய காலமா?

இன்னொன்று, யாரும் கேட்காதது: அரசு வண்டியின் லாக் புக். தேதி, புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம், மீட்டர் அளவு, பயண நோக்கம், கடைசியில் வண்டியைப் பயன்படுத்தியவரின் கையெழுத்து. ஒரு சனிக்கிழமை இரவில் 140 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நோக்கம் என்ற கட்டத்தில் ‘அலுவல்’ என்று ஒரே சொல் இருந்தால், அங்கிருந்து நூல் பிடிக்கலாம். அன்றிரவு விருந்தினர் மாளிகைப் பதிவேட்டில் அறை யார் பெயரில் போட்டிருக்கிறது, வாயில் காவலரின் நோட்டில் எந்த வண்டி எண் எத்தனை மணிக்கு, சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் எத்தனை மணிக்கு. நாலும் ஒரு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஆள் யாரென்று அநேகமாகத் தெரிந்துவிடும். சுங்கச்சாவடிப் பதிவைத் தவிர மற்ற மூன்றும் யாரிடம் இருக்கின்றன? விசாரிக்கப்பட வேண்டிய அலுவலகத்தின் பீரோவில். “பதிவேட்டை அனுப்பி வைக்கவும்” என்று கடிதம் எழுதி ஒரு மாதம் காத்திருந்தால் புதிய புத்தகம் வரும். புதியது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையழுத்தம், அட்டையின் ஓரத்தில் ஒரு மடிப்புகூட இருக்காது. டீசல் பில்லோடு கிலோமீட்டரை ஒட்டிப் பார்த்தால் உதைக்கும். ஆனால் பங்கில் போய் அந்த பில்லைக் கேட்க ஓர் அதிகாரிக்குத் தைரியம் வர வேண்டும், அவருடைய அடுத்த இடமாறுதல் யார் கையில் என்பதையும் மறக்க வேண்டும்.

சாட்சியம் சம்பந்தப்பட்டவரின் கையில் இருந்தால் எப்படி ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவைப் பாருங்கள். 2024 மே 2 அன்று ஆளுநர் மாளிகையின் ஒப்பந்தப் பெண் ஊழியர் ஒருவர் ஆளுநர்மீதே பாலியல் புகார் கொடுத்தார். ஆளுநர் மறுத்தார். முதலமைச்சருக்கும் அவருடைய காவல்துறைக்கும் காட்ட மாட்டோம் என்று சொன்ன மாளிகை, மே 9 அன்று பொதுமக்கள் சிலரை உள்ளே அழைத்து சி.சி.டி.வி. காட்சியைத் திரையிட்டது. புகார் கொடுத்தவரின் முகம்கூட மறைக்கப்படவில்லை. பதவியில் உள்ள ஆளுநர்மீது நீதிமன்றத்தில் குற்ற நடவடிக்கை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 361ஆம் பிரிவு. ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று அதில் எந்த வரியும் இல்லை.

பொள்ளாச்சியைப் பற்றி உங்கள் துறையிடம் பேசுவது எங்களுக்கே சங்கடம், ஆனாலும் பேச வேண்டும். பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து வீடியோ எடுத்து மிரட்டிய வழக்கு அது. 2019 பிப்ரவரி 24 அன்று புகார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்களிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அது போதாதென்று, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி மார்ச்சில் உள்துறை வெளியிட்ட அரசாணையில் அவருடைய பெயர், கல்லூரி, சகோதரர் பெயர் எல்லாம் அச்சாகியிருந்தன. ஒரு வரைவு பிரிவு அலுவலரிடமிருந்து எத்தனை மேசை ஏறிக் கையெழுத்துக்கு வருகிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அத்தனை பேர் கண்ணையும் அந்த வரி தாண்டி வந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு வரவேண்டிய அடுத்த புகார்களில் எத்தனை அந்த ஒரு தாளால் வாயடைத்துப் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. பெயர் வெளியானால் மற்றப் பெண்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பெரிய ஆளைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை. கவனக்குறைவாகவே நடந்திருந்தாலும் பலன் அதேதான்.

அன்றைய ஆளுங்கட்சியின் பொள்ளாச்சி நகர மாணவரணிப் பொறுப்பாளர் கைதானது 2021 ஜனவரியில், சி.பி.ஐ.யின் கையில், புகார் கொடுத்து ஏறத்தாழ 2 ஆண்டு ஆகியிருந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது, 8 பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. சாட்சிகள் ஒருவரும் பிறழவில்லை. மூடிய அறையில் விசாரணை, அடையாளம் காக்கப்பட்டது, கோப்பு உள்ளூர் கையில் இல்லை. நடத்தினால் நடக்கிறது.

சி.பி.ஐ. வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பீகாரின் முசாபர்பூர் விடுதி வழக்கில், சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான, அரசின் பணத்தில் நடந்த காப்பகம், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வில் மாட்டியது. 2018 மே 31 அன்று எஃப்.ஐ.ஆர். தன் கணவரின் தொடர்பு பற்றிய குற்றச்சாட்டால் மாநிலத்தின் சமூக நல அமைச்சர் ஆகஸ்டில் பதவி விலகினார். சி.பி.ஐ. விசாரணையை மேற்பார்க்கும் அதிகாரியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும், சி.பி.ஐ.யின் அன்றைய இடைக்கால இயக்குநர் நாகேஸ்வர ராவ் அவரை மாற்றினார். 2019 பிப்ரவரி 12 அன்று நீதிமன்றம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, நாள் முடியும்வரை நீதிமன்ற மூலையில் உட்காரச் சொன்னது. நாட்டின் தலையாய புலனாய்வு அமைப்புக்கு அண்மைவரை தலைவராக இருந்தவர் வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப் போல உட்கார்ந்திருந்தார். வழக்கு தில்லிக்கு மாறி, ஓராண்டில் 19 பேருக்குத் தண்டனை கிடைத்தது. பிறகு 2023 ஜூனில் தமிழ்நாடு, மாநிலத்துக்குள் விசாரிக்க சி.பி.ஐ.க்குத் தந்திருந்த பொது ஒப்புதலை விலக்கிக்கொண்டது. அதன் நியாயம் தனி விவாதம். விளைவு இது: ஆளுங்கட்சிக்காரர்மீது புகார் என்றால், வெளி அமைப்பு வரலாமா என்று அதே அரசுதான் தீர்மானிக்கும். நீதிமன்றம் தலையிட்டால் உண்டு.

விதிகளே முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. பி.என்.எஸ்.எஸ். 175(4): பணி சார்ந்த விவகாரத்தில் அரசு ஊழியர்மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன், மாஜிஸ்திரேட் அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை வாங்க வேண்டும், அந்த ஊழியர் சொல்வதையும் கேட்க வேண்டும். சோதனை வரப்போகிறது என்று முன்கூட்டியே தந்தி கொடுப்பது போல. 2018ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மிரட்டல் எவ்வளவு கடுமை என்ற அறிக்கையைத் தருவது அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி., அதுவும் 5 வேலை நாளுக்குள். மிரட்டுபவர் அந்த டி.எஸ்.பி.யின் நண்பர் என்றால்? காவலர்மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலக் காவல் புகார் ஆணையம் அமைக்கப்பட்டபோது தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். இந்தக் கடிதத்தை உங்கள் இருவருக்கும் எழுதுவதற்கு அது ஒரு காரணம்.

அமெரிக்காவைப் பார்த்து ஏங்கவும் தேவையில்லை. சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய பணக்காரர் எப்ஸ்டீனோடு 2007இல் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் போட்ட ஒப்பந்தம், பெயர் சொல்லாத உடந்தையாளர்களுக்கும் சேர்த்து விலக்குக் கொடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்களிடம் சொல்லாமல் செய்தார்கள். அதை ஆராய்ந்தது அதே நீதித்துறையின் உள்பிரிவு. 2020இல், முடிவு மோசம், ஆனால் ஒழுங்கீனம் இல்லை என்று முடித்தது. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. சொந்த உறவோ அரசியல் உறவோ உள்ளவர்மீதான குற்ற விசாரணையில் பங்கெடுக்கக் கூடாது என்று அங்கே எழுத்தில் விதி இருக்கிறது. எப்ஸ்டீனுக்காக வாதாடியவர்கள் இருந்த சட்ட நிறுவனத்தில் தானும் பணியாற்றியதால், பழைய ஒப்பந்தம் பற்றிய ஆய்விலிருந்து 2019இல் அட்டர்னி ஜெனரல் பார் விலகினார். புதிய வழக்கிலிருந்து விலகவில்லை. விதி அரைகுறையாகத்தான் வேலை செய்தது. இங்கே அந்த அரைகுறைகூட இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

ஆள்கடத்தல் அல்லது போக்சோ புகாரில் மக்கள் பிரதிநிதி, அரசு அதிகாரி, பல்கலைக்கழகப் பொறுப்பாளர், அரசு நிதி வாங்கும் காப்பகத்தின் நிர்வாகி யாராவது பெயர் சொல்லப்பட்டால், எஃப்.ஐ.ஆர். பதிந்த 48 மணி நேரத்தில் ஆய்வாளர் முதல் கண்காணிப்பாளர் வரை, அரசு வழக்கறிஞர் உட்பட, ஒரு பக்க உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்: உறவு உண்டா, அவருக்குக் கீழே பணியாற்றியது உண்டா, கட்சி, தொழில், கொடுக்கல் வாங்கல் உண்டா. உண்டு என்றால் கோப்பு வேறு மண்டலத்துக்குப் போக வேண்டும். அந்தத் தாள் வழக்கு நாட்குறிப்பில் ஒளிந்திருக்காமல் நீதிமன்றத்துக்குப் போகட்டும். பெயர் சொல்லப்பட்டவர் எந்தப் பதவியில் இருந்தாலும் விசாரணைக் குழு அமைக்கவோ அறிக்கை பெறவோ கூடாது. குற்ற வழக்கு நடக்கும்போது இணையாக நிர்வாக விசாரணை வேண்டுமென்றால், பாதிக்கப்பட்டவரிடம் இரண்டாம் வாக்குமூலம் வாங்காமல் நடத்துங்கள்.

லாக் புக், விருந்தினர் மாளிகைப் பதிவேடு, வாயில் நோட்டு, சி.சி.டி.வி. ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை 24 மணி நேரத்தில் வெளி மாவட்டக் குழு நேரில் போய் எடுக்க வேண்டும். கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். எடுப்பதை பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவுப்படி வீடியோ பிடித்து, டிஸ்க்கில் பிறகு யாராவது கைவைத்தால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் மதிப்பை அங்கேயே எழுதி, பிரதி ஒன்றை அன்றே மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படையுங்கள். ஹாஷ் எழுதாமல் கொண்டுவந்த டிஸ்க்கை வைத்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு என்னென்ன செய்யும் என்று உங்கள் வழக்கறிஞர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடத்தல் வழக்கின் ஒவ்வொரு குற்றப்பத்திரிகையிலும் ‘யாருக்காக’ என்று ஒரு தனிப் பத்தி இருக்க வேண்டும். பி.என்.எஸ். 144ஆம் பிரிவு, கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ அப்படி நம்பக் காரணமிருந்தோ ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்குப் பயன்படுத்தியவரைத் தண்டிக்கிறது; தரகரோடு நிறுத்துவதற்கு அது எழுதப்படவில்லை. எந்த எண்களைத் தேடினோம், யாரைக் கேட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதுங்கள். ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 193(9)இன்படி மேல்விசாரணைக்கான கதவு திறந்தே இருக்கட்டும். 193(3) சொல்கிறபடி 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையின் நிலையை எழுத்தில் தெரிவியுங்கள். போனில் “நடந்துக்கிட்டு இருக்கு” என்பது தகவல் ஆகாது. அருப்புக்கோட்டை வழக்கில் இந்தப் பத்தி இன்றைக்கு எப்படி இருக்கும் என்று குற்ற வழக்கு தொடர்வுத் துறையிடம் எழுத்துப்பூர்வமான கருத்துக் கேட்டு வெளியிடுங்கள்.

விசாரணை அதிகாரியை குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை மாற்ற வேண்டாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் காரணத்தை எழுதி முதலில் நீதிமன்றத்துக்குச் சொல்லுங்கள். மிரட்டல் பற்றிய அறிக்கையை வேறு உட்கோட்டத்து அதிகாரி தரட்டும். காவல் புகார் ஆணையத்தின் தலைவராக ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி வரும்படி சட்டத்திருத்தக் குறிப்பை நீங்களே அமைச்சரவைக்கு அனுப்புங்கள். அந்த நாற்காலியைத் தானே விட்டுக்கொடுத்த உள்துறைச் செயலாளர் என்ற பெயர் கெட்ட பெயர் இல்லை.

60 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் சுற்றறிக்கையாக வேண்டாம். அது நிலையத்து ஆணியில் மாட்டிய கட்டோடு கட்டாகத் தொங்கும். அரசாணையாக வரட்டும். கையெழுத்துக்குப் போகும் முன் யாராவது ஒருவர் வரிவரியாகப் படித்து, அதில் எந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் கல்லூரியும் இல்லை என்று ஓரத்தில் சுருக்கொப்பம் போடட்டும்.